அணைந்துபோகும் கணினியும் நான்கு பிளாஸ்டிக் கால்களும்

வேலையின் நடுவே கணினி பொசுக்கென்று அணைந்துபோனால் எல்லோரும் முதலில் திட்டுவது கரண்ட்டைத்தான். நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், ட்யூப்லைட் எரிந்துகொண்டிருக்கும். அடுத்த திட்டு யுபிஎஸ்ஸுக்கு. அதிலும் பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த குற்றவாளி வைரஸ். வைரஸ் என்று முடிவானதும் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுவார். வீட்டுக்கு ஒருவர், தெருவுக்கு நாலு பேர் இப்படி உண்டு :-) ஃபார்மட் செய்து, விண்டோஸ் மறுபடி போட்டு, இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் மதியம் மறுபடி பொசுக்.

இந்த வரிசையில் சூடு கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. அப்படி நினைவுக்கு வரும்போதும் பழி நேராக ப்ராசசர் மேல் விழுகிறது. "ப்ராசசர் போயிடுச்சு" என்ற ஒரே வாக்கியத்தால் பரணுக்குப் போன நல்ல ப்ராசசர்கள் ஏராளம். உண்மையில் ஒரு டெஸ்க்டாப் கணினியில் சுலபத்தில் கெட்டுப்போகாத பாகங்களில் ஒன்று ப்ராசசர். கெடுவதெல்லாம் அதைச் சுற்றியிருப்பவை: விசிறி, பேஸ்ட், பிளாஸ்டிக் கால், எஸ்எம்பிஎஸ்.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் இருக்கிறது. இங்கே அந்தப் பெட்டி முழுவதற்கும் பெயர் "சிபியூ". உண்மையான சிபியூ உள்ளே மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சதுரம். "சிபியூ சூடாகுது" என்று ஒருவர் சொன்னால் பெட்டி சூடாகிறதா, உள்ளே இருக்கும் ப்ராசசர் சூடாகிறதா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பெட்டி தொட்டால் ஜில்லென்றிருக்க, உள்ளே ப்ராசசர் 100 டிகிரியில் தவித்துக்கொண்டிருக்கலாம். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

அணைவது நோயல்ல, தற்காப்பு

ப்ராசசர் வாங்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 (2013-ல் வந்தது) ஒன்றுக்கு அந்த நிறுவனம் குறித்திருக்கும் வெப்ப அளவு 84 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்த எண் புரியும். அதைவிட அதிகமான வெப்பம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிலிக்கான் துண்டிலிருந்து வருகிறது. அதை யாராவது இடைவிடாமல் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கவேண்டும். நின்றால் ஆபத்து.

2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தளம் இதை ஒரு வீடியோவாகவே எடுத்துக் காட்டியது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசசர் மேலிருந்த ஹீட்சிங்க்கைக் கழற்றி எடுத்தார்கள். ஏஎம்டியின் 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. 2 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 மட்டும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வீடியோ அப்போது பெரிய பேச்சானது. பிறகு வந்த ஏஎம்டி ப்ராசசர்களிலும் தற்காப்பு உள்ளேயே வந்துவிட்டது.

ஆக இன்றைய ப்ராசசர்களுக்கு இரண்டு படி தற்காப்பு உண்டு. முதல் படி, வேகத்தைக் குறைத்துக்கொள்வது. பல இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசைக்கு 95. அப்படிக் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால் இரண்டாம் படி: யாரையும் கேட்காமல் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிடும். அதுதான் அந்தப் "பொசுக்".

அதாவது, கணினி அணைந்தால் ப்ராசசர் செத்துவிட்டது என்று பொருளல்ல. உயிரோடு இருக்கிறது, புத்தியாகவும் இருக்கிறது என்றுதான் பொருள். செத்துப்போன ப்ராசசர் அரை மணி நேரம் ஓடிவிட்டு அணையாது. பெரும்பாலும் திரையே வராது.

சூடு போகும் பாதை

சிலிக்கான் துண்டில் பிறக்கும் வெப்பம் முதலில் அதன் மேல் மூடியாக இருக்கும் உலோகத் தகட்டுக்கு வருகிறது. அங்கிருந்து பேஸ்ட், பேஸ்ட்டிலிருந்து ஹீட்சிங்க், ஹீட்சிங்க்கிலிருந்து விசிறிக் காற்று, அந்தக் காற்று பெட்டிக்கு வெளியே, கடைசியில் அறைக்கு. ஒரு சங்கிலி மாதிரி. எங்கே ஒரு கண்ணி விட்டாலும் அதற்கு முந்தைய இடம் வரை எல்லாம் கொதிக்கும், பிந்தைய இடமெல்லாம் சும்மா குளிர்ந்திருக்கும். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பழுதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

பேஸ்ட் எதற்கு என்று பலருக்குச் சந்தேகம். ப்ராசசரின் மூடியும் ஹீட்சிங்க்கின் அடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்தவை. இரண்டையும் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்புக்குச் சுமார் 400 மதிப்பெண் என்றால் அலுமினியத்துக்கு 200-க்கு மேல். பேஸ்ட்டுக்கு ஒற்றை இலக்கம், நல்லதாக இருந்தால் 10-ஐத் தொடலாம். காற்றுக்கு? வெறும் 0.026. பேஸ்ட் பெரிய சூரன் இல்லை, ஆனால் காற்றைவிட எவ்வளவோ மேல். அதனால்தான் பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் போடவேண்டும். உலோகமும் உலோகமும் நெருங்கவேண்டிய இடத்தில் பேஸ்ட்டை அள்ளி அப்பினால் அதுவே தடை.

பாதையின் கடைசிக் கண்ணியான அறையையும் மறக்கக்கூடாது. காற்றை வைத்துக் குளிரச்செய்யும் எந்த ஹீட்சிங்க்கும் அறையின் வெப்பத்துக்குக் கீழே ப்ராசசரைக் கொண்டுபோக முடியாது. அறை 26 டிகிரியில் இருக்கும்போது 70 காட்டும் ப்ராசசர், அதே வேலைக்கு அறை 38 ஆகும்போது கிட்டத்தட்ட 82 காட்டும். டிசம்பரில் ஒழுங்காக ஓடிய கணினி மே மாதம் தகராறு செய்வதற்கு இதுவே காரணம். கோளாறு டிசம்பரிலேயே இருந்திருக்கும், அக்னி நட்சத்திரம் அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஒரு கணினி, ஒரு மே மாதம்

இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவன் வீட்டில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணினி அக்கா படித்த காலத்தில் வாங்கியது, அசெம்பிள் செய்த பழைய ஐ5. அக்கா வேலைக்கு வேறு ஊர் போன பிறகு தம்பிக்கு வந்துவிட்டது. வீடு மாறியபோது லோடு ஆட்டோவில் பாத்திர மூட்டைக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து வந்தது. மே மாதம் ப்ராஜக்ட் வேலை உச்சத்தில் இருக்கும்போது அணைய ஆரம்பித்தது. முதலில் நாளுக்கு ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை. ஒரு தடவை அணைந்தபோது சேமிக்காத வேலை மூன்று மணி நேரம் காணாமல் போனது.

கடையில் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். சரியாகவில்லை. மறுபடி கொண்டுபோனால், "ப்ராசசர் வீக் ஆயிடுச்சு தம்பி. இந்த மாடல் இப்ப புதுசா வர்றதில்ல. போர்டு, ராம் எல்லாம் சேர்த்து மாத்திடுங்க" என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்குமேல் ஒரு பெட்டிக்குக் கொடுக்க அவருக்கு நேரமில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத் தீர்ப்பின் விலை பல ஆயிரம் ரூபாய். அக்காவுக்குப் போன் போட்டால், "எவ்வளவு ஆகும்னு சொல்லுடா. மாசக் கடைசில அனுப்புறேன்" என்பாள். அனுப்பவும் செய்வாள். தனக்கு வாங்க நினைத்த எதையோ தள்ளிப்போட்டுவிட்டு அனுப்புவாள் என்பது தம்பிக்குத் தெரியும். அதனால் போன் போடுவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று உட்காருகிறான்.

இங்கேதான் ஒழுங்கு வேண்டும். எடுத்தவுடன் ஸ்க்ரூட்ரைவர் கூடாது. முதலில் அளவு.

சூடுதான் காரணமா என்று முதலில் உறுதிசெய்யவேண்டும். எஸ்எம்பிஎஸ் தளர்ந்தாலும் கணினி இதே மாதிரிதான் அணையும். ராம் சரியாக உட்காராவிட்டாலும் நின்றுபோகும். கோர் டெம்ப், ஹெச்டபிள்யூமானிட்டர் மாதிரி இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டால் ப்ராசசரின் வெப்பம் திரையில் தெரியும். லினக்ஸ் என்றால் எல்எம் சென்சார்ஸ். எதுவும் போட முடியாத அளவுக்குச் சீக்கிரம் அணைந்தால் பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் பார்க்கலாம். விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட பயாஸில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு, பயம் வேண்டாம்.

அவன் கணினி சும்மா இருக்கும்போதே 62. ப்ராஜக்ட் ஓட்டினால் 100-ல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடவேண்டிய ப்ராசசர் 2-க்குக் கீழே இறங்கித் தவழ்கிறது. அறை 36 டிகிரி. ஒரு காகிதத்தில் இதையெல்லாம் எழுதி வைக்கிறான். டாஸ்க் மேனேஜரையும் பார்க்கிறான். தேவையில்லாத எதுவோ ஒன்று பின்னணியில் ப்ராசசரை 100 சதவீதம் பிழிந்துகொண்டிருந்தால் அதுவும் சூட்டுக்குக் காரணமாகும். அப்படி எதுவும் இல்லை. ஆக சூடுதான், கோளாறு வெளியே போகும் வழியில்தான்.

தொட்டுப் பார்

இப்போதுதான் அந்தச் சங்கிலி உதவுகிறது. இரண்டே கேள்விகள்.

ஒன்று: ப்ராசசர் 100 காட்டும்போது ஹீட்சிங்க் எப்படி இருக்கிறது? கணினியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, உடனே ஹீட்சிங்க்கின் ஓரத்தை விரல் நுனியால் லேசாகத் தொடவேண்டும். கை வைக்க முடியாமல் சுட்டால் வெப்பம் ஹீட்சிங்க் வரை ஒழுங்காக வந்துவிட்டது, அங்கிருந்து காற்றுக்குப் போகவில்லை. விசிறி, தூசி, காற்றோட்டம் ஆகியவற்றில் கோளாறு. மாறாக ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் வெப்பம் அங்கே வந்தே சேரவில்லை. ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தொடர்பு விட்டிருக்கிறது.

இரண்டு: பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டு, டேபிள் ஃபேனை அதை நோக்கி வைத்தால் வெப்பம் எவ்வளவு இறங்குகிறது? பத்துப் பதினைந்து டிகிரி சட்டென்று இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. ஏறக்குறைய அப்படியே இருந்தால், மறுபடியும் அதே தொடர்புக் கோளாறு.

காற்றோட்டக் கோளாறுக்கு நம்மூரில் ஒரு தனிக் காரணம் உண்டு: கம்ப்யூட்டர் டேபிள். சிபியூவுக்கென்று கீழே ஒரு மரப்பொந்து செய்து, மூன்று பக்கமும் அடைத்திருப்பார்கள். பின்னால் வரும் சூடான காற்று போக வழியில்லாமல் சுற்றிவந்து முன்பக்கமாக மறுபடி உள்ளே போகும். அதன்மேல் தூசி படாமலிருக்க பூப்போட்ட உறை வேறு :-) பெட்டியை அந்தப் பொந்திலிருந்து வெளியே எடுத்துத் தரைக்கு ஒரு சாண் மேலே, சுவரிலிருந்து தள்ளி வைத்தாலே பல கணினிகள் பிழைத்துக்கொள்ளும். செலவு பூஜ்யம்.

தம்பியின் கணினியில் தூசியும் இருந்தது. ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. ப்ளக்கைப் பிடுங்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாக எடுத்தான். ப்ளோயர் வைத்து ஊதுபவர்கள் விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் உள்ளே பேரிங் பழுதாகும். தூசி போனபின் பார்த்தால் சும்மா இருக்கும்போது 57. வேலை கொடுத்தால் மறுபடி 98. இந்த இடத்தில்தான் பலரும் மனம் விட்டுப்போய்க் கடைக்காரர் சொன்னது சரி என்று முடிவுக்கு வருகிறார்கள். காகிதத்தில் எழுதிவைத்தவனுக்கு வேறொன்று தெரிகிறது. ப்ராசசர் 98, ஹீட்சிங்க் வெதுவெதுப்பு. டேபிள் ஃபேன் வைத்தும் மாற்றமில்லை. இரண்டு பதிலும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

நான்கு கால்கள்

2004-ல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட்டிலிருந்து இன்டெல் பெட்டியோடு கொடுக்கும் கூலர், நான்கு பிளாஸ்டிக் கால்களால்தான் மதர்போர்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. திருகு கிடையாது. ஒவ்வொரு காலும் மதர்போர்டின் துளைக்குள் போய், அடியில் இரண்டாகப் பிளந்து விரிந்து மாட்டிக்கொள்ளும். பொருத்துவது சுலபம், சரியாகப் பொருந்தாமல் போவதும் அதே அளவு சுலபம். நான்கில் ஒன்று துளைக்குள் முழுதாக இறங்காமல் மேலே நின்றாலே போதும். ஹீட்சிங்க் அந்த மூலையில் மயிரிழை அளவு தூக்கிக்கொள்ளும், அந்த மயிரிழைக்குள் காற்று புகுந்துவிடும். மதிப்பெண் 0.026 வாங்கிய அதே காற்று.

அவன் கூலரின் நான்கு மூலைகளையும் விரலால் அசைத்துப் பார்க்கிறான். மூன்று அசையவில்லை. நான்காவது ஆடுகிறது. லோடு ஆட்டோவில் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்த நாளிலிருந்தே ஆடிக்கொண்டிருந்திருக்கலாம்.

வெறுமனே அந்தக் காலை அழுத்திவிட்டால் போதாது. ஒரு தடவை தூக்கிய இடத்தில் பேஸ்ட் காய்ந்து வெடித்திருக்கும். கூலரை முழுதாகக் கழற்றித்தான் போடவேண்டும். காலின் தலையில் இருக்கும் அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி மேலே இழுத்தால் கழலும். விசிறியின் ஒயரையும் எடுத்துவிட வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். பேஸ்ட் ட்யூப் சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும்.

மறுபடி மாட்டும்போது நான்கு தலைகளையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக அழுத்தவேண்டும். "க்ளிக்" சத்தம் நான்கு முறை கேட்கவேண்டும். முடிந்தால் மதர்போர்டின் அடிப்பக்கத்தையும் பார்ப்பது நல்லது. நான்கு துளைகளிலும் விரிந்த காலின் நடுவே உள்முள் ஒரே மாதிரி தெரிந்தால் வேலை முடிந்தது. ஒன்று மட்டும் உள்வாங்கியிருந்தால் அது மாட்டவில்லை. விசிறி ஒயரைச் சிபியூ ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் செருகவேண்டும்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏஎம்4 சாக்கெட் வரையிலான ப்ராசசர்களில் ஊசிகள் ப்ராசசரின் அடியில் இருக்கும். பேஸ்ட் காய்ந்து பசையாகிவிட்டால், கூலரைத் தூக்கும்போது ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், ஊசிகள் வளையும். கழற்றுவதற்கு முன் கணினியைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கூலரை இடவலமாக மெதுவாகத் திருகி எடுத்தால் அந்த விபத்து பெரும்பாலும் நடக்காது.

அவன் காகிதத்தில் எழுதிய கடைசி வரி: அறை 36, சும்மா இருக்கும்போது 46, முழு வேலையில் 76. அதே ப்ராசசர், அதே போர்டு, அதே மே மாதம்.

செய்யக்கூடாத சில வேலைகள்

ஐஸ் வைப்பது, ஏசி காற்றை நேராகப் பெட்டிக்குள் விடுவது எல்லாம் வேண்டாம். ஈரம் கோத்துக்கொண்டால் ப்ராசசர் பிழைத்து மதர்போர்டு போகும். நடுக்கண்ணி விட்டிருக்கும்போது பெட்டிக்குப் புதுசாக நான்கு விசிறி வாங்கி மாட்டுவதும் வீண். ஈரத்துணியால் துடைப்பது, பெட்ரோல், தின்னர் போட்டுப் பேஸ்ட் எடுப்பது இவையும் கூடாது. ஒரே நேரத்தில் தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, விண்டோஸையும் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை வந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே ஒரு அளவு.

நாளைக் காலை ப்ராஜக்ட் கொடுக்கவேண்டும், பெட்டியைத் திறக்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு தற்காலிக வழி. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசசரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாகக் குறைத்தால் பல கணினிகளில் டர்போ வேகம் நின்றுவிடும், சூடும் கொஞ்சம் இறங்கும். போதாவிட்டால் 80 வரை இறக்கலாம். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். இது மாத்திரைதான், மருத்துவமல்ல.

எல்லாம் செய்தும் அடங்காவிட்டால் கடைக்குப் போகத்தான் வேண்டும். அதில் வெட்கமில்லை. அங்கே "ப்ராசசர் போயிடுச்சு" என்று சொன்னால் பணிவாக இரண்டே கேள்வி கேளுங்கள். "எத்தனை டிகிரி காட்டுச்சுண்ணே? அப்ப ஹீட்சிங்க் சூடா இருந்துச்சா?" பதில் வந்தால் நல்ல கடை, அவர் சொல்வதை நம்பலாம். பதில் வராவிட்டால் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முதலில் அந்த நான்கு கால்களையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள் :-)